ராத்திரி என்ன ஆக்குன?

நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா உள்ளத உள்ளபடி சொல்றவங்க ரொம்பக் கம்மி. கல்யாண வீட்டுச் சாப்பாடுன்னா பாயாசத்துல முந்திரி எப்படி வறுத்திருந்தாங்கங்கற வரைக்கும் சொல்லுவோம், ஞாயித்துக்கிழமை கறிக்கொழம்புன்னா போட்டோவே எடுத்து அனுப்புவோம், ஆனா மார்கழி மாசத்துல ஒரு திங்கக்கிழமையோ செவ்வாக்கிழமையோ, பனி இறங்குன பொறவு வேலைய முடிச்சு வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிட்டு உக்காந்து என்ன தின்னோம்னு கேட்டா "சும்மா ஏதோ டிபன்"ன்னு முடிச்சுக்குவோம். வருஷத்துல முக்காவாசி ராத்திரி அப்படித்தான் போவுது. நம்ம ஒடம்பு அதுலதான் ஓடுது. அதப் பத்திதான் யாரும் வாயத் தொறக்கறதில்ல, இல்லன்னா வேற ஒண்ணச் சொல்றோம். இது ஏன்னு எனக்குப் பெருசா யோசனை எதுவும் இருந்ததில்ல, போன மார்கழில எங்கம்மா ஒரே ராத்திரி சாப்பாட்டுக்கு மூணு பேர்கிட்ட மூணு பதில் சொல்ற வரைக்கும்.

அம்மா இருக்கறது பாலக்கோடு பக்கத்துல ஒரு ஊரு. நான் ஓசூர்ல. ரெண்டும் முன்ன ஒரே தருமபுரி மாவட்டம், 2004-ல கிருஷ்ணகிரியப் பிரிச்சதுக்கப்புறம் வேற வேற மாவட்டம், ஆனா சாப்பாட்டுல இன்னும் பிரியல. அம்மாவுக்குச் சக்கரை. மாசத்துக்கு ஒருக்கா ரத்தப் பரிசோதனை, அப்புறம் டாக்டர், அப்புறம் டயட் சொல்ற மேடம், இந்த வரிசைதான். செக்கப்புக்கு முந்தின நாளே நான் ஊருக்குப் போயிடறது, காலைல கூட்டிட்டுப் போறதுக்கு.

அன்னிக்கி ராத்திரி அம்மா ஆக்குனது கேவுரு களி, அதாவது ராகிக் களி, பிதுக்கம்பருப்புக் கொழம்பு.

## ஒரே காட்டுல வெளஞ்ச சாப்பாடு

இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, இருந்தாலும் கொஞ்சம் சொல்லிக்கறேன், ஏன்னா சொல்லாம விட்டுவிட்டுத்தான் இது "சும்மா ஏதோ" ஆயிடுச்சு. எங்க பக்கம் மானாவாரிக் காட்டுல ஆடி, ஆவணில கேவுரு வெதைக்கும்போதே நடுநடுல சால் விட்டு மொச்சை, தொவரை, கடுகு, ஆமணக்குன்னு கலந்து போட்டுடுவாங்க. கார்த்திகை, மார்கழில கேவுர அறுத்துட்டா காடு காலியாத் தெரியும், ஆனா மொச்சைக்கொடி அப்பத்தான் எடம் கெடச்ச மாதிரி படர்ந்து பூத்துக் காய்க்கும். நாட்டு மொச்சை பகல் சுருங்கி ராத்திரி நீண்டாத்தான் பூக்கும், அதனோட கொணம் அது. இந்தக் கட்டுப்பாடு வேண்டாம்னுதான் பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகத்துல ஹெப்பாள் அவரைன்னு (கன்னடத்துல மொச்சைய அவரைன்னுதான் சொல்லுவாங்க) எச்.ஏ.3, எச்.ஏ.4 மாதிரி ரகமெல்லாம் கொண்டாந்தாங்க, வருஷம் பூரா காய்க்கறதுக்கு. நல்ல விஷயம்தான், விவசாயிக்குக் காசு வருது. ஆனா எங்கம்மா அத வாங்க மாட்டாங்க. பனி விழுந்த காய்லதான் வாசம்ங்கறது அவங்க கட்சி. மார்கழிப் பனில நனைஞ்ச மொச்சைய உரிச்சீங்கன்னா கைவெரல்ல ஒரு பிசுக்கும் வாசமும் ஒட்டும், சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாது, பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்களே "வீட்ல மொச்சையா"ன்னு கேட்டுடுவாங்க.

உரிச்ச பச்சை மொச்சைய தண்ணில ஊறப்போட்டு, ஊறினதும் ஒவ்வொண்ணாக் கட்டைவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுல வெச்சு ஒரு அமுக்கு, தோல் கையில நிக்கும் பருப்பு குண்டானுக்குள்ள போயி விழும். ரெண்டு பேருக்கு ஆக்கணும்னாலே அரைமணி நேரத்துக்கு மேல ஆவும், அதான் இது தனியா ஒக்காந்து செய்ற வேலையில்ல, டிவி ஓடணும் இல்ல பக்கத்து வீட்டு அக்கா வந்து ஒக்காரணும். வெங்காயம், தக்காளி, பூண்டு, இஞ்சி, கொத்தமல்லி, தேங்கா, ரெண்டு பட்டை கிராம்பு வறுத்தரைச்சு ஊத்தி பருப்பு கொதிச்சு வந்துச்சுன்னா தெருவுக்கே தெரியும். களிக்கு அம்மா இன்னும் குக்கர் கிக்கர்னு போகல. தண்ணி கொதிக்கறப்ப ஒரு பிடி நொய்யப் போட்டு, அது வெந்ததும் மாவக் குமிச்சுக் கொட்டி, நடுல குச்சியால ஒரு ஓட்டை, அடுப்பத் தணிச்சு மாவு வேக உட்டு, அப்புறம் எறக்கி வெச்சு சட்டி நகராம மிதிச்சுப் புடிச்சுக்கிட்டு களிக்குச்சியால கிண்டறாங்க பாருங்க, அறுவது வயசுக்கு மேல அந்தத் தோள்ல அவ்வளவு பலம் எங்கிருந்து வருதுன்னு எனக்கு ஒவ்வொரு தபாவும் ஆச்சரியம். கட்டி தட்டவே தட்டாது. தட்டுல தண்ணி தெளிச்சு உருண்டை புடிச்சு வெச்சு, நடுல குழி பண்ணி கொழம்பு ஊத்தி, கிள்ளிக் கிள்ளித் தொட்டு முழுங்கறது. மெல்லக்கூடாது. வெளிய பனி, உள்ள அந்தச் சூடு தொண்டைல எறங்கும்போது எனக்கு வேற எந்தச் சாப்பாட்டு மேலயும் நெனப்புப் போகாது.

அம்மா ரெண்டு உருண்டை சாப்பிட்டாங்க. அப்புறம் சட்டில ஒட்டியிருந்தத வழிச்சு அரை. நான் பக்கத்துல ஒக்காந்துதான் சாப்பிட்டேன், அதனால எனக்கு நல்லாவே தெரியும்.

## மூணு பதில்

மறுநாள் ஆஸ்பத்திரில டயட் மேடம், சின்ன வயசுப் பொண்ணு, நல்ல பொண்ணுதான், பேனாவத் தொறந்து வெச்சுக்கிட்டு "அம்மா, நேத்து நைட் என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டாங்க. எங்கம்மா ஒரு நொடி கூட யோசிக்கல. "ரெண்டு சப்பாத்தி மேடம். கொஞ்சம் பருப்பு." வீட்ல கோதுமை மாவே கெடயாது. நான் அம்மா மூஞ்சியப் பாத்தேன், அம்மா எதிர் செவுத்துல மாட்டியிருந்த பழங்க படத்தப் பாத்துட்டு இருந்தாங்க. மேடம் "வெரி குட்மா, அப்படியே கன்டினியூ பண்ணுங்க"ன்னு எழுதிக்கிட்டாங்க. பருப்புங்கறது மட்டும் உண்மை, ஒரு வகைல.

திரும்பி வர்றப்ப பஸ்ல எங்க மாமியார் போன் பண்ணாங்க, ரிசல்ட் என்னாச்சுன்னு விசாரிக்க. அவங்க சேலத்துல இருக்காங்க, அக்கறையான மனுஷி. பேச்சுவாக்குல "நேத்து ராத்திரி என்ன சம்பந்தி சமையல், பொண்ணு வந்திருக்காளே"ன்னு கேட்டாங்க போலருக்கு. அம்மா சொன்னது, "கொஞ்சம் சோறு, ரசம், பீன்ஸ் பொரியல் பண்ணேங்க சம்பந்தி, குக்கர்லயே வெச்சுட்டேன்." சப்பாத்தி எங்க போச்சுன்னு நான் பாக்கறேன், அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அன்னிக்கி ராத்திரி எட்டரை மணிக்கு பெரிம்மா போன். இது தெனமும் உண்டு. பெரிம்மா காவேரிப்பட்டணத்துல இருக்காங்க, எங்கம்மாவுக்கு மூத்தவங்க, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் பேசறதுல பாதி சாப்பாடு. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான் அம்மா பேசுவாங்க. "நேத்து மொச்சை வாங்கி பிதுக்குனோம்க்கா, பாப்பா வந்துச்சு, களி கிண்டுனேன், ரெண்டு உருண்டை தின்னுட்டு சட்டில இருந்ததயும் வழிச்சுத் தின்னேன். கொழம்புல காரம் ஒரு கல்லு தூக்கல். மீந்த களிய தண்ணி ஊத்தி வெச்சு காலைல மோர் உட்டுக் கரைச்சுக் குடிச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், சாப்பாட்டுக்கு அப்புறம் எடுக்கற டெஸ்டுக்கு எப்படியும் எதாச்சும் சாப்பிடணும் இல்ல." எதையும் விடல. காரம் முதற்கொண்டு.

## தம்பி சொன்ன காரணம் எனக்கு ஒத்துக்கல

இத தம்பிகிட்ட சொன்னப்ப அவன் உடனே சொன்னான், "வெக்கம்க்கா. களி தின்றோம்னு டவுன்ல சொல்றதுக்கு வெக்கம்." அதுல ஒரு ஞாயம் இருக்கத்தான் செய்யுது. அம்மா சின்னதா இருந்தப்ப நெல்லுச் சோறுங்கறது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும்தான். களியும் கூழும் குடிக்கறவன்னு சொன்னா இல்லாதவன்னு அர்த்தம். அந்தக் காலத்துல பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, எங்க வீட்ல நெல்லுச் சோறுதான்னு சொல்லிக்கிட்ட கதையெல்லாம் எங்க ஊர்ல நெறைய உண்டு. இப்ப அது தலகீழ் ஆயிடுச்சு, 2023-ஐ சிறுதானிய வருஷம்னு ஐக்கிய நாடுகள் சபையே அறிவிச்சுது, அதே வருஷம் நம்ம தருமபுரிலயும் நீலகிரிலயும் ரேசன் கடைல அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ கேவுரு குடுக்க ஆரம்பிச்சாங்க, ஓசூர் சூப்பர் மார்க்கெட்ல ராகி பிஸ்கட், ராகி சேமியா, ராகி கேக்குன்னு ஒரு அலமாரியே இருக்கு. ஆனா பழைய வெக்கம் அவ்வளவு சீக்கிரம் போவாது, அது சரி.

இருந்தாலும் எங்கம்மா விஷயத்துல அது ஒட்டல. என் ஆபீஸ்ல இருந்து வந்த பொண்ணுங்களுக்கு இலை போட்டு களி வெச்சு, எப்படிக் கிள்ளணும், எப்படி முழுங்கணும்னு பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தவங்க எங்கம்மா. அதுல ஒரு பொண்ணு மென்னு தின்னப்ப "அப்படித் தின்னா ருசியே தெரியாதும்மா"ன்னு உரிமையாக் கோச்சுக்கிட்டாங்க. வெக்கப்படற ஆளு அப்படிச் செய்யுமா? வெக்கம்னு ஒத்த வார்த்தைல முடிச்சுட்டுப் போனா நமக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

அடுத்த தபா ஊருக்குப் போனப்ப சாயங்காலம் திண்ணைல ஒக்காந்து மொச்சை உரிச்சுட்டு இருந்தோம். நான் கேட்டேன், ஏம்மா அந்த மேடம்கிட்ட சப்பாத்தின்னு சொன்னீங்கன்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் உரிக்கறத நிறுத்தாமயே சொன்னாங்க.

"சொன்னா நிறுத்தச் சொல்லுவாங்க பாப்பா. மொத தபா போனப்ப மாம்பழம் சாப்பிடறேன்னு சொன்னேன், மாம்பழம் போச்சு. அப்புறம் பலாச்சொளை. வெல்லக் காப்பி. சக்கரைவள்ளிக் கெழங்கு. உங்கப்பா இருந்தப்ப பொங்கலுக்கு வெக்கற சக்கரைப் பொங்கல்ல ஒரு கரண்டி, அதயும் கேட்டு நிறுத்துனாங்க. ஒவ்வொரு தபாவும் நான் வாயத் தொறந்து என்னென்ன சொன்னனோ அதெல்லாம் ஒண்ணொண்ணாப் போச்சு. மொச்சையும் களியும்தான் இன்னும் அவங்களுக்குத் தெரியாது."

எனக்குச் சட்டுனு பேச வரல. சரிம்மா, அத்தைகிட்ட ஏன் சோறு ரசம்னு சொன்னீங்க, அவங்க எதுவும் நிறுத்த மாட்டாங்களேன்னு கேட்டேன்.

"அவங்ககிட்ட களி கிண்டுனேன்னு சொல்லிப் பாரு. 'ஐயோ சம்பந்தி, இந்த வயசுல தனியா நின்னு களி கிண்டறீங்களா, கை வலிக்காதா'ம்பாங்க. உன்கிட்ட சொல்லுவாங்க. நீ மாப்பிள்ளைகிட்ட சொல்லுவ. ரெண்டு பேரும் கார் எடுத்துக்கிட்டு வந்து நிப்பீங்க, அங்க வந்துருங்கம்மான்னு. நான் ஏன் வரணும்? எனக்கு இங்க என்ன கொறச்சல்?"

பெரிம்மாகிட்ட மட்டும் எல்லாத்தையும் சொல்றீங்களேன்னேன். அதுக்கு அம்மா என்னமோ வெளங்காத கேள்வி கேட்டுட்ட மாதிரி என்னப் பாத்தாங்க. "அவகிட்ட சொன்னா என்னாவுது? அவ அவளுதச் சொல்லுவா."

## கேக்கறவங்க, சொல்றவங்க

இந்த ஒரு வரிதான் எனக்குள்ள ஒக்காந்துக்கிச்சு. அவ அவளுதச் சொல்லுவா. நான் அதுக்கப்புறம் பெரிம்மா போன் வர்றப்பல்லாம் கவனிச்சேன். பெரிம்மா "நீ என்ன ஆக்குன"ன்னு எடுத்த எடுப்புல கேக்கறதே இல்ல. மொதல்ல தன்னோடதச் சொல்லிடுவாங்க. "இன்னிக்கி ஒண்ணும் முடியல, கொள்ளு வேக வெச்சு கடைஞ்சேன், உங்க மாமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு தின்னாரு"ம்பாங்க. அப்புறம்தான் நீ என்ன பண்ணங்கறது. தான் ஒண்ணக் குடுத்துட்டு அப்புறம் கேக்கறாங்க. டயட் மேடம் கேக்கறது வேற மாதிரி, அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு நமக்குத் தெரியாது, தெரியப்போறதும் இல்ல, நாம சொல்றத எழுதி வெச்சு நமக்கே ஒரு தீர்ப்பு குடுக்கறதுக்குத்தான் அந்தக் கேள்வி. அவங்க வேலை அது, தப்புச் சொல்லல. வாசல்ல அவ்வளவு கூட்டம் ஒக்காந்திருக்கறப்ப அந்தப் பொண்ணு எங்கம்மாகூட மொச்சை பிதுக்கிக்கிட்டா பேச முடியும்?

இப்படிக் கேக்கறது நம்ம நாட்டுல பெரிய வேலை, ரொம்ப நாளா நடக்குது. 1918-ல குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல ஒரு ரூம்ல ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு டாக்டர் பெரிபெரின்னு சத்துக் கொறைவால வர்ற நோயப் பத்தி ஆராய ஆரம்பிச்சாரு, அங்க இருந்து வளர்ந்ததுதான் 1958-ல ஐதராபாத்துக்குப் போயி இன்னிக்கி தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்கறது. மெக்காரிசன் இந்தியாவுல ஒவ்வொரு பகுதி ஆளுங்க சாப்பிடறத எலிக்குப் போட்டுப் பாத்தாரு. சீக்கியங்க சாப்பாடு தின்ன எலி நல்லா வளந்துச்சு, அரிசியே பிரதானமா இருந்த மெட்ராஸ் சாப்பாடு தின்னது கடைசி வரிசைல நின்னுச்சு. இதப் படிச்சப்ப எனக்குக் கோவம் வந்துச்சு, ஏன்னா மெட்ராஸ் மாகாணம்னா அரிசி மட்டுமா? அப்ப எங்க ஊரும் சேந்திருந்த சேலம் ஜில்லால நெறையப் பேரு கேவுரு தின்னுட்டுத்தான் இருந்தாங்க. 100 கிராம் கேவுருல 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், அரிசில அதுல முப்பதுல ஒரு பங்கு கூட கெடயாது. மெட்ராஸ் சாப்பாடுன்னு ஒரே பேர்ல கட்டிப் போட்டா எங்க ஊரு ராத்திரிச் சாப்பாடு அதுல எங்க வரும்?

எலிக்குப் போட்டதத்தான் அது திங்கும், கேக்க வேண்டியதில்ல. மனுஷங்ககிட்ட கேட்டுத்தான் ஆவணும். 1972-ல தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சு பல வருஷம் மாநிலம் மாநிலமா வீடு வீடாப் போயி கேட்டாங்க. முக்கியமான வழிமுறை என்னன்னா, போன 24 மணி நேரத்துல என்னென்ன சாப்பிட்டீங்கன்னு ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்றது, அளவுக் கிண்ணமெல்லாம் கையில கொண்டுபோய்க் காட்டி எந்தக் கிண்ணத்துல எவ்வளவுன்னு கேக்கறது. ஊத்துன எண்ணெய், நடுல குடிச்ச டீ, வாயில போட்ட முறுக்கு இதெல்லாம் விட்டுப்போவும்ங்கறது அந்தத் துறைல இருக்கறவங்களுக்கே தெரியும், அதுக்குத்தான் திரும்பத் திரும்பக் கிளறிக் கேப்பாங்க. மறதிக்கு வழி இருக்கு. எங்கம்மா மாதிரி, நல்லா ஞாபகம் வெச்சுக்கிட்டே மறைக்கறவங்களுக்கு என்ன வழி? காரம் ஒரு கல்லு தூக்கலா இருந்தது கூட ஞாபகம் இருக்கறவங்க அவங்க.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த மேடம் களி தெரிஞ்சிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பாங்களான்னா, கொறைக்கச் சொல்லியிருக்கலாம், அதுல காரணம் இருக்கு. கேவுருல மாவுச்சத்து அரிசிக்கு ரொம்பக் கம்மின்னு ஒரு பேச்சு ஓடுது, அப்படி இல்ல, பழைய ஊட்டச்சத்து அட்டவணைல அரிசி 78 கிராம்னா கேவுரு 72. நார்ச்சத்து கூட, கால்சியம் கூட, அதுக்காக ரெண்டரை உருண்டை சக்கரைக்காரங்களுக்குச் சரின்னு ஆயிடாது. உள்ளதச் சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு ஒரு உருண்டைன்னு வெச்சுக்கங்கம்மா, கொழம்புல பருப்ப ஜாஸ்தி போட்டுக்கங்கன்னு சொல்லியிருக்கலாம். அச்சடிச்சுக் குடுத்த சார்ட்ல சப்பாத்தி, கோதுமை ரவை உப்புமா, ஓட்ஸ் இதுங்கதான் இருக்கு. பாலக்கோட்டுல பனி விழற ராத்திரிக்கு அதுல ஒரு வரி கூட இல்ல. அந்தத் தாளப் பாத்தாலே எங்கம்மாவுக்கு இவங்களுக்கு நம்ம சாப்பாடு தெரியாதுன்னு புரிஞ்சிருக்கும், அப்புறம் எதுக்குச் சொல்லணும்.

## நான் மொதல்ல சொல்லிட்டுக் கேட்டது

பெரிம்மா முறைய நானும் செஞ்சு பாக்க ஆரம்பிச்சேன். தை மாசம் ஓசூர்ல ராத்திரி நல்ல குளிர், ஸ்வெட்டர் இல்லாம மாடிக்குப் போக முடியாது. அந்தக் குளிர்ல அவங்கவங்க வீட்ல என்னதான் நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. யாரப் பாத்தாலும் மொதல்ல என்னுதச் சொல்லிடறது, கூட்டாம கொறைக்காம. "நேத்து எங்க வீட்ல மாவு புளிச்சுப் போச்சு, வெங்காயம் அரிஞ்சு போட்டு ஊத்தப்பம் ஊத்தி மதியக் கத்திரிக்கா கொழம்பத் தொட்டுத் தின்னோம், என் வீட்டுக்காரர் நின்னுக்கிட்டே தின்னாரு." இதச் சொன்னா எதிர்ல இருக்கறவங்க மூஞ்சி எளகிடுது. அதுக்கப்புறம் வர்ற பதில் வேற.

பக்கத்து சீட்டுப் பொண்ணு தஞ்சாவூர்க்காரி, ஹாஸ்டல்ல இருக்கா. எப்பக் கேட்டாலும் "மெஸ்லதான்க்கா"ன்னு முடிப்பா. அன்னிக்கி சொன்னா, மெஸ் சப்பாத்தி எட்டரைக்கு மேல தோலாட்டம் ஆயிடுமாம், அதனால சப்பாத்திய விட்டுட்டு மெஸ்ல வெறும் சோறு மட்டும் வாங்கி ரூமுக்குக் கொண்டுபோய், ஊர்ல இருந்து அவங்கம்மா குடுத்தனுப்பின நார்த்தங்கா ஊறுகாயும் தயிருமா பெசைஞ்சு, ரூம்ல இருக்கற நாலு பேரும் ஒரே டப்பால இருந்து தின்னாங்களாம். குளிர்ல தயிரான்னு கேட்டேன், "ஊறுகா இருக்கே"ங்கறா.

எங்க குடியிருப்புல வாட்ச்மேன் பீகார்க்காரரு. எனக்கு இந்தி அரைகொறை, அவருக்குத் தமிழ் அரைகொறை. சோறும் மசூர் பருப்பும், உருளைக்கெழங்க அவிச்சுப் பெசைஞ்சு பச்சமொளகா, வெங்காயம் போட்டு கடுகெண்ணெய் ஊத்துனதும்தான் ராத்திரிக்குன்னாரு. ஊர்ல இந்தக் குளிருக்கு உருளையத் தணல்ல போட்டுச் சுடுவாங்களாம், இங்க கேஸ் அடுப்பு, சுட முடியல. கடுகெண்ணெய் எங்க கெடைக்குதுன்னு கேட்டேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையக் கைகாட்டினாரு. அந்தத் தெருல நான் இத்தன வருஷமா நடக்கறேன், அந்தக் கடை என் கண்ணுல பட்டதே இல்ல.

கீழ் வீட்ல துணி தைக்கற அக்கா கன்னடம் பேசறவங்க. நான் என் ஊத்தப்பத்தச் சொன்னதும் அவங்க ராகி முத்தெயும் ஹிதுக்கின பேளெ சாறும்னாங்க. எங்கம்மா சாப்பிட்ட அதே சாப்பாடு! பெங்களூர்ல ஜனவரி வாக்குல நடக்கற அவரைக்கா மேளாவுக்கு அவங்க புள்ளைங்க கூட்டிட்டுப் போனாங்களாம், அங்க அவரைக்கால தோசை, வடை, ஜிலேபி வரைக்கும் பண்ணி வெச்சிருந்தாங்களாம். "எல்லாம் தின்னேன், ஆனா வீட்டுக்கு வந்து ராத்திரி முத்தெதான் கிண்டுனேன்"ன்னாங்க. அவங்க சாறுல கொஞ்சம் கசகசா சேர்க்கறாங்க, எங்கம்மா சேர்க்கறதில்ல, இதப் பத்தியே அரைமணி நேரம் பேசுனோம்.

மேல் மாடில ஒருத்தர் இருக்காரு, ரிட்டயர்டு, வீட்டம்மா தவறி ரெண்டு வருஷம் இருக்கும், பசங்க வெளிநாட்டுல. லிப்ட்ல பாக்கறப்பல்லாம் "சாப்பிட்டாச்சா சார்"ன்னு கேப்பேன், "ஆச்சும்மா, டிபன் ஆச்சு"ம்பாரு. அன்னிக்கி நான் கேக்கல, என்னுத மட்டும் சொன்னேன், மாவு புளிச்ச கதை. சிரிச்சாரு. லிப்ட் அவரு மாடிக்கு வந்து கதவு தொறந்துடுச்சு, எறங்காம நின்னுக்கிட்டுச் சொன்னாரு, "நான் பன்னப் பால்ல நனைச்சுச் சாப்பிட்டுடறேம்மா. தெனமும் அதான். அடுப்புப் பத்தவெச்சா ஒருத்தனுக்காகவான்னு தோணுது." நான் ஐயோன்னு சொல்லல. கொழம்பு தரட்டுமான்னும் அப்பக் கேக்கல, கேட்டிருந்தா அவரும் அடுத்த தபால இருந்து "டிபன் ஆச்சும்மா"வுக்கே போயிருப்பாரு, எங்கம்மா சொன்னது காதுல ஓடிட்டு இருந்துச்சு. என்ன பன்னு சார், ஸ்வீட் பன்னா வெறும் பன்னான்னுதான் கேட்டேன். தேங்கா பன்னு, எம்.ஜி. ரோட்டு பேக்கரில சாயங்காலம் சூடா வரும்னு வெவரமாச் சொன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு அவரே கேட்டாரு, "இன்னிக்கி உங்க வீட்ல என்ன புளிச்சுது?" இப்ப வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் எங்க வீட்ல ஆக்கறது அவருக்கும் போவுது, அவரு தேங்கா பன்னு வாங்கிட்டு வராரு. என் பையன் அதுக்குக் காத்துக் கெடக்கறான்.

## அம்மாவோட நோட்டு

இதெல்லாம் சரி, அம்மாவோட சக்கரைய என்ன பண்றது? போன ரிசல்ட் நல்லா இல்ல. மேடம்கிட்ட சப்பாத்தின்னே சொல்லிட்டு இருந்தா டாக்டரும் சப்பாத்திக்குத்தான் மாத்திரை அளவு யோசிப்பாரு. தம்பி போன்ல கத்துனான், நீ கூட ஒக்காந்துட்டு எப்படி சும்மா இருந்தன்னு. அந்த எடத்துல அம்மாவ காட்டிக்குடுக்க எனக்கு மனசு வரல, இப்பவும் வராது. ஆனா உள்ளது டாக்டருக்குத் தெரிஞ்சாகணும், அதுலயும் எனக்குச் சந்தேகம் இல்ல.

அம்மாகிட்ட பெரிம்மா மாதிரியே பேசிப் பாத்தேன். எனக்கும் போன வருஷத்துல இருந்து சக்கரை எல்லைல நிக்குதுன்னு டாக்டர் சொன்னத அம்மாகிட்ட நான் சொன்னதே இல்ல, பயப்படுவாங்கன்னு. அதச் சொன்னேன். என்னென்ன திங்கறேன், ஆபீஸ்ல சாயங்காலம் என்னென்ன நொறுக்கறேன், எல்லாத்தையும் சொன்னேன். அம்மா திட்டல. "ராத்திரி பரோட்டாவ விடு பாப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ரெண்டு பேரும் ராத்திரி சாப்பாட்ட ஆளுக்கொரு நோட்டுல எழுதறது, தெனமும் போன்ல மாத்தி மாத்திப் படிச்சுக் காட்டிக்கறது, அடுத்த செக்கப்புக்கு அத அப்படியே மேடம்கிட்ட குடுத்துடறது, ரெண்டு நோட்டையும்தான், என்னுதையும் சேத்து. உருண்டை ரெண்டரைல இருந்து ஒண்ணரைக்கு வந்திருக்கு, நான் எதுவும் சொல்லாமயே. படிச்சுக் காட்டணுமேன்னு இருக்கும்.

நோட்டக் குடுக்கறதுக்கு அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க. தை மாசத்துல வர வேண்டிய செக்கப்ப மாசிக்குத் தள்ளிப் போட்டுக்கலாமான்னு டாக்டர்கிட்ட போன்ல கேக்கச் சொன்னாங்க. கேட்டேன், ரெண்டு வாரம் தள்ளினா ஒண்ணும் இல்ல, மாத்திரைய மட்டும் விடாம போடச் சொல்லுங்கன்னுட்டாரு. எதுக்கும்மா மாசின்னு கேட்டதுக்கு, "அதுக்குள்ள மொச்சை முடிஞ்சிரும். அப்புறம் என்ன வேணா நிறுத்திக்கச் சொல்லு, அடுத்த மார்கழிக்குப் பாத்துக்கலாம்"ங்கறாங்க.